நெய்பர் விழும் நேரம்

ஓ.எஸ்.பி.எஃப். என்ற ரவுட்டிங் நெறிமுறை ஓடும் ரவுட்டர், தன் பக்கத்து ரவுட்டர் போய்விட்டது என்று முடிவுகட்ட 40 விநாடி காத்திருக்கும். 10 விநாடிக்கு ஒருமுறை இரண்டும் ‘ஹலோ’ சொல்லிக்கொள்ள வேண்டும். 40 விநாடியில் ஒரு ஹலோகூட வரவில்லை என்றால் உறவு முறிந்தது. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த பாதைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் வழிகளைக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஜான் மோய் எழுதி 1998 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 2328 தான் இதற்கு மூல ஆவணம். உள்ளூர் நெட்வொர்க்குக்கு 10 விநாடி, அந்தக் காலத்து எக்ஸ்.25 இணைப்புக்கு 30 விநாடி என்று அதில் மாதிரி அளவு கொடுத்திருக்கிறார். கால் நூற்றாண்டு தாண்டியும் பெரும்பாலான கருவிகள் பெட்டியைவிட்டு வெளியே வரும்போது அதே 10-உம் 40-உமாகத்தான் வருகின்றன.

தொழிலில் இதை ‘நெய்பர் விழுந்துடுச்சு’ என்போம். விழுந்து விழுந்து எழுந்தால் ‘ஃப்ளாப் ஆகுது’. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இணையம் கொண்டுசேர்க்கும் வேலையில் இருப்பவன் நான். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: விழும் நெய்பரை விசாரிப்பது.

அதற்கு அடி அண்ணாமலையைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்ததில்லை. மலை 2,668 அடி உயரம். நகரமும் பெரிய கோயிலும் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கும் அடி அண்ணாமலை மேற்கே, மலைக்குப் பின்பக்கம். நகரத்து மொட்டைமாடியில் ரேடியோவை ஏற்றி நேராக அடித்துவிட முடியாது. நடுவில் மலை நிற்கிறது. கேபிள் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும். அதனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையே எங்களுக்கு வளையமாகிவிட்டது. நகரத்திலிருந்து வடக்காகச் சுற்றியும் அடி அண்ணாமலைக்கு வரலாம், தெற்காகச் சுற்றியும் வரலாம். ஒரு பக்கம் ஜே.சி.பி. கேபிளை வெட்டிவிட்டால், நாற்பது விநாடிக்குள் எல்லாப் போக்குவரத்தும் மறுபக்கம் திரும்பிவிடும். ஊரில் பெரும்பாலானோருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆகவே வளையத்தில் செத்த இணைப்பால் பெரிய ஆபத்து இல்லை. செத்துச் செத்துப் பிழைக்கும் இணைப்புதான் ஊரையே அலைக்கழிக்கும். ஒவ்வொரு முறை நெய்பர் விழும்போதும் எழும்போதும் வளையத்தின் எல்லா ரவுட்டருக்கும் சேதி போகிறது. எல்லாம் புதிதாகக் கணக்குப் போடுகின்றன. போக்குவரத்து வடக்கே ஓடி, தெற்கே ஓடி, மறுபடி வடக்கே ஓடுகிறது. இ-சேவை மையத்தில் ஓ.டி.பி. எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கம் செத்துப்போகிறது. ரேஷன் கடையில் விரல் வைத்தவர் மறுபடி வைக்கிறார். அவர்கள் யாரும் ‘நெட் இல்லை’ என்று புகார் செய்வதில்லை, ‘நெட் சரியில்லை’ என்கிறார்கள். இரண்டாவது புகாரைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

ஃப்ளாப் ஆகும் இணைப்பைக் கண்டால் நான் முதலில் செய்வது, அதன் காஸ்ட்டை, அதாவது அந்த வழியின் ‘விலை’யை, இரண்டு முனையிலும் 65535-க்கு ஏற்றுவது. போக்குவரத்து முழுவதும் வளையத்தின் அடுத்த பக்கம் போய்விடும், மக்கள் தப்பினார்கள். நெய்பர் உறவு மட்டும் அங்கேயே விழுந்து எழுந்துகொண்டிருக்கும். அதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். போர்ட்டை மூடிவிட்டாலும் மக்கள் தப்புவார்கள், ஆனால் நோயும் சேர்ந்து மறைந்துவிடும். ரீஸ்டார்ட் அதைவிட மோசம். பல கருவிகளில் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். ரீஸ்டார்ட் செய்த கையோடு அது அழிந்துவிடும்.

அந்த லாகில்தான் முதல் துப்பு. நெய்பர் விழும்போது ரவுட்டர் ஏன் என்றும் ஒரு வரி எழுதிவைக்கிறது. ‘இன்டர்ஃபேஸ் டவுன்’ என்றால் கம்பியோ கரண்ட்டோ போய்விட்டது, தேட அதிகம் இல்லை. ‘டெட் டைமர் எக்ஸ்பயர்டு’ என்றால் அந்த 40 விநாடி கடந்துவிட்டது; போர்ட் உயிரோடுதான் இருக்கிறது, எதிர்ப்பக்கக் குரல்தான் வந்து சேரவில்லை. ‘டூ மெனி ரீட்ரான்ஸ்மிஷன்ஸ்’ என்றால் சின்னப் பாக்கெட் போகிறது, கனமானவை போகவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். பாஸ்வேர்டு, ஏரியா, சப்நெட் மாஸ்க் பொருந்தாத கோளாறுகள் புத்தகங்களில் நிறைய இடம் பிடித்திருக்கின்றன. அவை நெய்பரை வரவே விடாது. நன்றாக இருந்த உறவு விழுந்து எழுவதற்கு, நடுவில் யாரும் கான்ஃபிக்கில் கை வைக்காதவரை, அவை காரணமாக இருப்பது அபூர்வம்.

நான் மிக அதிகம் கற்றுக்கொண்டது ‘ஒன்-வே’ என்ற சொல்லிடம்.

ஹலோ பாக்கெட்டுக்குள் ஒரு பட்டியல் இருக்கும்: ‘நான் யார் யார் குரலைக் கேட்கிறேன்’ என்ற பட்டியல். எதிர்ப்பக்க ஹலோவில் என் பெயர் இருந்தால்தான் அவன் என்னைக் கேட்கிறான் என்று பொருள். ஹலோ வருகிறது, அதில் என் பெயர் மட்டும் காணோம் என்றால் ரவுட்டர் ‘ஒன்-வே’ என்று எழுதும். அதாவது அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. பழுது நான் அனுப்பும் பாதையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் நிற்கும் இடத்தில் எதுவும் கிடைக்காது.

அடி அண்ணாமலைப் பெட்டியில் இது நடந்தபோது தம்பி ஒருவர் அங்கிருந்து போன் செய்தார்.

“அண்ணா, போர்ட் பச்சையாத்தான் எரியுது. பவரும் வெச்சுப் பாத்துட்டேன், நல்லா வருது.”

“உனக்கு வர்றது நல்லாத்தான் வரும்பா. நீ அனுப்புறது எதிர்ப்பக்கம் எவ்ளோ போய்ச் சேருதுன்னு அங்க போய் மீட்டர வை.”

“அங்கயும் பச்சையாத்தான் எரியுதுன்னு சொன்னாங்களே.”

“கன்வெர்ட்டர் இருக்குல்ல, அது எப்பவும் பச்சைதான் காட்டும்.”

இரண்டு முனையிலும் ரவுட்டருக்கும் ஃபைபருக்கும் நடுவே மீடியா கன்வெர்ட்டர் இருந்தது. ரவுட்டருக்குத் தெரிவது கன்வெர்ட்டரிலிருந்து வரும் ஒரு முழம் காப்பர் கேபிள்தான். ஃபைபர் பக்கம் வெளிச்சம் குறைந்தாலோ நின்றாலோ அதைக் காப்பர் பக்கத்துக்குக் கடத்தும் வசதி சில கன்வெர்ட்டர்களில் இருக்கும். விலை குறைந்தவற்றில் இருக்காது, இருந்தாலும் யாரும் போட்டுவைப்பதில்லை. ஆகவே விளக்கு பச்சை, போர்ட் அப், நெய்பர் மட்டும் டவுன்.

கணக்கு எளிது. 10 கிலோமீட்டர் வகை ஆப்டிக்ஸ் −9.5 முதல் −3 டி.பி.எம். வரை அனுப்பும். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் குறையும். ஏழு கிலோமீட்டருக்கு இரண்டரை. ஸ்ப்ளைஸ், கனெக்டர் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்முனையில் −10-ஐ ஒட்டி வர வேண்டும். மீட்டர் −22 காட்டியது. அந்தக் கருவிக்குக் கேட்கும் எல்லை ஏறக்குறைய −20. சில ஹலோ தப்பிப் போகும், பல போகாது. நான்கு சேர்ந்தாற்போலத் தொலைந்தால் நெய்பர் விழும். ஃபைபரில் எந்த இடத்தில் வெளிச்சம் குறைகிறது என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். வைத்துப் பார்த்ததில் 1310-இல் சின்னதாகத் தெரிந்த ஒரு பள்ளம் 1550-இல் பெரிதாக இறங்கியது. ஃபைபர் மடங்கியிருப்பதற்கு அதுதான் அடையாளம். அலைநீளம் கூடக் கூட மடிப்பில் வெளிச்சம் அதிகம் கசியும். ஸ்ப்ளைஸ் பெட்டிக்குள் தட்டின் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு கோர் நசுங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே படுத்திருந்த இன்னொரு கோர் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அதன் வழியாகத்தான் தம்பிக்கு ‘நல்லா வந்துகொண்டிருந்தது’.

லாக் வரிக்கு அடுத்து நான் பார்ப்பது நேரம். மலேரியாவை நம் ஊரில் முறைக்காய்ச்சல் என்பார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிர்கிறது என்பதே நோயின் இனத்தைச் சொல்லிவிடும். நெய்பர் விழுவதற்கும் அப்படி ஒரு முறை இருக்கிறது. துல்லியமான இடைவெளியில் விழுந்தால் கோளாறு நெறிமுறையிலோ கான்ஃபிக்கிலோ இருக்கிறது. ஒழுங்கே இல்லாமல் விழுந்தால் கம்பி, கனெக்டர், கரண்ட், குரங்கு. நாளின் ஒரு பொழுதில் மட்டும் விழுந்தால் வெயிலோ போக்குவரத்தோ.

வெயில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கு அடிவாரத்தில் ஒரு நெய்பர் கோடைக்காலத்தில் மதியம் தாண்டித்தான் விழும், பொழுது சாய்ந்ததும் தானே சரியாகிவிடும். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் காலையில்தான் பெட்டியைத் திறக்கப் போவார்கள். காலையில் அந்தப் பக்கம் மலை நிழல். கிழக்கே நகரம் வெயிலில் காயும்போதும் அடி அண்ணாமலைப் பக்கம் நிழல் கொஞ்ச நேரம் தங்கும். திறந்து பார்ப்பவருக்குப் பெட்டி குளுகுளுவென்று, எல்லாம் நலமாகத் தெரியும். மதியத்துக்குமேல் மேற்கு வெயில் நேரே தகரப் பெட்டியின் முகத்தில் அடிக்கும். போர்ட்டில் செருகும் ஆப்டிக்ஸான எஸ்.எஃப்.பி. தன் வெப்பத்தைத் தானே சொல்லும். மூன்று மணிக்குக் கேட்டால் 76 டிகிரி என்றது. சாதாரண எஸ்.எஃப்.பி. 70 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். தொழிற்சாலை ரகம் −40 முதல் 85 வரை தாங்கும். சூடேறியதும் போர்ட் அணையவில்லை. வெளிச்சம் தளர்ந்து பாக்கெட்டுகள் சிதைந்தன, சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை மதியம் மட்டும் ஏறியது. ஹலோக்கள் அதில் அடிபட்டன. எஸ்.எஃப்.பி.யை மாற்றினோம். பெட்டியைச் சுவரின் கிழக்கு முகத்துக்குக் கொண்டுபோய், மேலே காற்றோட இடைவெளிவிட்டு ஒரு தகரமும் போட்டோம். இந்த இரண்டில் எனக்கு அதிகம் திருப்தி தந்தது இடமாற்றம்தான். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எந்த ரவுட்டரும் காட்டாது. அந்த ஊரில் நின்றால்தான் தெரியும்.

மாதத்துக்கு ஒருமுறை விழும் நெய்பரும் உண்டு. வளையத்திலிருந்து கிளை பிரிந்து, ஃபைபர் போகாத ஓரிடத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் போகும் இணைப்பு அது. லாக் தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தால் எல்லாம் பௌர்ணமி இரவு. லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் இரவு. பாதையோரக் கடைகளிலும் அன்னதானப் பந்தல்களிலும் தற்காலிக கேமராக்களும் வைஃபையும் முளைக்கும். 5.725 முதல் 5.875 வரையிலான அலைவரிசை 2018 முதல் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால், எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். ரேடியோவின் சிக்னல் அளவு குறையவில்லை, சுற்றியுள்ள இரைச்சல்தான் ஏறியிருந்தது.

இங்கே ஒரு புதிர். நெய்பர் விழுந்த அதே நிமிடத்தில் பிங் போனது, வீடியோவும் ஓடியது. ஹலோ மட்டும் ஏன் சாகிறது? விடை ஹலோ போகும் முகவரியில் இருக்கிறது. அது 224.0.0.5 என்ற, பலருக்கும் பொதுவான மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. வைஃபை முறையில் ஓடும் ரேடியோவில் சாதாரணப் பாக்கெட் தொலைந்தால் ரேடியோவே மறுபடி அனுப்பும். எதிர்ப்பக்கம் ‘கிடைத்தது’ என்று சொல்லும்வரை பல முறை முயலும். வளையத்து முனையில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் அனுப்பும் மல்டிகாஸ்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒருமுறை அனுப்பும், போனால் போனது. எதிர்த்திசையில் கிளை ரேடியோ அனுப்பும் மல்டிகாஸ்ட் ஆக்சஸ் பாயின்ட்டுக்குச் சாதாரணப் பாக்கெட்டாகவே போய்ச் சேர்வதால் தப்பிவிடும். எனவே கிளை முனையில் ‘டெட் டைமர்’, வளையத்து முனையில் ‘ஒன்-வே’. இரண்டு லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இது கண்ணாடிபோலத் தெரிந்தது. ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பியே காலம் போயிருக்கும். ஹலோவை நேரடி முகவரிக்கு யூனிகாஸ்ட்டாக அனுப்பும்படி நெட்வொர்க் வகையை மாற்றினோம், டைமர்கள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தோம், ரவுட்டிங் பாக்கெட்டுக்கான சி.எஸ்.6 குறியை ரேடியோவின் முதல் வரிசையில் சேர்த்தோம், சேனலை அகலம் குறைத்து 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினோம். பௌர்ணமி இரவில் வேகம் இன்றும் குறையத்தான் செய்கிறது, நெய்பர் விழுவதில்லை.

துல்லிய இடைவெளிக்கு ஓர் உதாரணம், வெவ்வேறு நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் பி.ஜி.பி. பல கருவிகளில் அதன் ஹோல்டு டைமர் 180 விநாடி. செஷன் வருகிறது, சரியாக மூன்று நிமிடத்தில் விழுகிறது, மறுபடி வருகிறது, மறுபடி மூன்று நிமிடம் என்றால் நான் எம்.டி.யூ.வை, அதாவது ஒரே துண்டாகப் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவைத்தான் முதலில் பார்ப்பேன். அறிமுகப் பாக்கெட்டுகள் சின்னவை. எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். அடுத்து வரும் ரூட் பட்டியல் 1500 பைட் பாக்கெட்டுகளாக வரும். நடுவில் ஏதோ ஒரு டன்னலோ ஸ்விட்ச்சோ அதை விழுங்கினால், டி.சி.பி. வரிசை மாறாமல்தான் கொடுக்கும் என்பதால், பின்னால் வரும் ‘உயிரோடிருக்கிறேன்’ செய்தியும் அதன் பின்னாலேயே தேங்கிவிடும். 180 விநாடி முடிந்ததும் கதை முடிந்தது. 1472 பைட் பிங்கைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினால், தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். ஒரே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

ஓ.எஸ்.பி.எஃப்.-இல் இதே கோளாறு இன்னும் நயமாக ஒளிந்திருக்கும். நெய்பர்கள் தங்களிடம் உள்ள தகவல்களின் தலைப்புகளைப் பரிமாறிக்கொள்வார்கள். ஒரு தலைப்பு 20 பைட். நெட்வொர்க் சிறியதாக இருக்கும்வரை பாக்கெட்டும் சிறியது, உறவு நிறைவாக ‘ஃபுல்’ நிலைக்கு வந்துவிடும். தலைப்புகள் எழுபதைத் தாண்டும்போது 1500 பைட்டும் நிறைந்துவிடும். வருடக்கணக்காக நின்ற நெய்பர் ஒருநாள் கரண்ட் போய்வந்த பிறகு எழவே எழாது. ‘நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே, யாரும் எதையும் தொடலையே’ என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். நெட்வொர்க்தான் வளர்ந்துவிட்டது. இரு முனையின் எம்.டி.யூ.வும் பொருந்தாததால் நெய்பர் எழாதபோது, எம்.டி.யூ.வைக் கண்டுகொள்ளாதே என்ற கட்டளையைப் போட்டு எழுப்புபவர்களும் இருக்கிறார்கள். அது பழுதை வாடிக்கையாளரின் தலையில் இறக்கிவைக்கும் வேலை, நான் ஏற்பதில்லை.

விழுந்து எழும் கோளாறு எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 30 சாட்சி. அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் நிறுவனத்தின் நெட்வொர்க் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தடுமாறியது. உலகெங்கும் பல தளங்கள் பாதிக்கப்பட்டன. ரவுட்டர்களுக்குத் தடை விதிகளை பி.ஜி.பி. வழியாகவே பரப்பும் ஃப்ளோஸ்பெக் என்ற வசதியில் தவறான விதி ஒன்று போய், பி.ஜி.பி. உறவுகளையே நிற்கவிடாமல் செய்தது. அன்று வெளிவந்த ஆய்வுகள் தந்த விளக்கம் இது: விதி வந்தவுடன் உறவு விழுகிறது, உறவு விழுந்ததும் விதி மறைகிறது, விதி மறைந்ததும் உறவு எழுகிறது, எழுந்ததும் அதே விதி மறுபடி வந்து சேர்கிறது. சின்ன ஊர்களில் டன்னலுக்குப் போகும் வழியை டன்னலுக்குள்ளேயே கற்றுக்கொண்டு விழும் நெய்பரிடம் இதே சுழற்சியைப் பார்க்கலாம்.

டைமரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நெய்பர் விழுந்தால் டெட் டைமரை 40-லிருந்து 120 ஆக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. விழுவது குறையும், உண்மைதான். ஆனால் நிஜமாகவே கேபிள் அறுபட்டு, அதை மறைக்க ஒரு மீடியா கன்வெர்ட்டரும் இருந்தால், ஊர் முழுவதும் இரண்டு நிமிடம் இருட்டில் நிற்கும். மறுபக்கம், நெய்பர் உயிரோடிருக்கிறதா என்று மிக வேகமாகச் சோதிக்க 2010-இல் ஆர்.எஃப்.சி. 5880 ஆக வந்த பி.எஃப்.டி.யை எல்லா இடத்திலும் போட்டு, 150 மில்லிவிநாடியில் முடிவெடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சுத்தமான ஃபைபரில் அது அருமையான ஆயுதம். பௌர்ணமி இரவு ரேடியோவில் போட்டால் ஒவ்வொரு இரைச்சலுக்கும் உறவை முறிக்கும். காரணம் தெரிவதற்கு முன் டைமரில் கை வைக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த வேலை இனி ஊருக்கு ஊர் வரப்போகிறது. தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசேர்க்கும் பணியில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், நாட்டின் 2.64 லட்சம் ஊராட்சிகளை வளைய அமைப்பில் இணைக்கச் சொல்கிறது. வளையம் என்றால் ஒவ்வொரு ஊராட்சிக்கும் இரண்டு பக்கமும் நெய்பர் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்கள் மட்டுமல்லர். ஏணியும் பவர் மீட்டரும் தூக்கிக்கொண்டு பைக்கில் போகும் உள்ளூர்ப் பிள்ளைகளும்தான். அவர்களுக்குக் கனெக்டர் மாட்டக் கற்றுத்தருகிறோம், லாக் படிக்கக் கற்றுத்தருவதில்லை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வகுப்புகளில் இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும், ஏராளமான வீண் அலைச்சல் குறையும்.

உங்கள் பொறுப்பில் ரவுட்டர் இருந்தால் இன்றே இரண்டைச் சரிபாருங்கள். அதில் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்.டி.பி. ஓடுகிறதா? ஓடாவிட்டால் கரண்ட் போய்வந்த சில கருவிகள் 1970 ஜனவரி என்று தேதி போட்டு லாக் எழுதும்; இரு பக்கத்தையும் ஒப்பிடவே முடியாது. லாக் வெளியே ஒரு சர்வரில் சேர்கிறதா? அடுத்த முறை நெய்பர் விழும்போது ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன், எதிர்முனையில் இருப்பவரைக் கூப்பிட்டு அவருடைய லாகையும் வாங்கி வையுங்கள்.